மருத்துவ பீடம் கிடைக்காத மகளும் உயிர் இரசாயனப் பட்டமும்



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில் எமது ஊர்களில் ஒரு வினோதமான காட்சியைக் காணலாம். மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளை அறைக்குள் இருந்து அழுதுகொண்டிருப்பாள். வீடு மையித்து வீடு போல் கிடக்கும். விசாரித்தால், மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்துவிட்டது என்பார்கள். "விஞ்ஞான பீடம் கிடைக்குமே" என்று யாராவது ஆறுதல் சொன்னால், "அதைப் படித்து என்ன செய்வதாம்?" என்று மாமி ஒருத்தி கேட்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படியொரு வீட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் முறையும் எழுதிவிட்டாள். வாப்பா மூன்றாம் முறையும் எழுதச் சொல்கிறார். மூத்தம்மா கல்யாணம் பேசச் சொல்கிறார். மகளோ கெம்பஸுக்குப் போய் உயிர் இரசாயனம் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். "அது என்ன படிப்பு என்றே எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றுக்கு ஓமென்று சொல்வதா, வேண்டாமென்று சொல்வதா?" என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்வி. நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். ஆனாலும் பாடசாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் இரசாயன ஆசிரியர். எம்மிடம் படித்துவிட்டு இத்துறைக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில், அது என்ன படிப்பு? இதைச் சொல்ல உங்கள் குசினியே போதும்.

மாட்டிறைச்சி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பச்சைப் பப்பாசியை அரைத்துப் பூசி வைப்பீர்கள். இறைச்சி பஞ்சு போல் வெந்துவிடும். ஏன்? பப்பாசிப் பாலில் 'பப்பெயின்' என்று ஒரு பொருள் உண்டு. இறைச்சியின் புரதம் நீளமான மணிமாலை போன்றது. பப்பெயின் அந்த மாலையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. இப்படி உயிருள்ளவற்றில் உண்டாகி, ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் மிக வேகமாகச் செய்து முடிக்கும் பொருளை நொதியம் என்கிறார்கள். அதே பப்பாசியை முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து எடுத்துப் பிறகு பூசிப் பாருங்கள், இறைச்சி பழையபடி இறைச்சிதான். நொதியமும் ஒரு புரதம். சூட்டில் அதன் உருவம் குலைந்தால் வேலையும் போய்விடும்.

நாம் உண்ட சோறு சீனியாக மாறுவதும், அந்தச் சீனி இரத்தத்தில் ஏறி இறங்குவதும், ஈரல் அதைச் சேமித்து வைத்து நோன்பு காலத்தில் மெல்ல மெல்ல எடுத்துக் கொடுப்பதும், பிள்ளைக்கு உம்மாவின் கண்ணும் வாப்பாவின் நிறமும் வருவதும் இப்படியான நொதியங்களாலும் புரதங்களாலும்தான். உயிருள்ள உடம்புக்குள் நடக்கும் இரசாயனத்தைப் படிப்பதே உயிர் இரசாயனம்.

இன்னுமொன்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நோன்பு துறக்க நாம் செய்யும் கடற்பாசி இருக்கிறதல்லவா, அது இன்று உலகத்தின் எல்லா நுண்ணுயிர் ஆய்வுகூடங்களிலும் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் ஒரு பேராசிரியர் அல்லர், ஒரு குடும்பப் பெண். ஜெர்மனியில் ரொபர்ட் கொக் என்ற பேரறிஞர் கிருமிகளை வளர்ப்பதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தி வந்தார். கோடையில் அது இளகி ஓடியது. போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கின. அங்கே வேலை செய்த வோல்தர் ஹெஸ்ஸே என்ற டொக்டரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒருவரிடம் கேட்டறிந்து, வெயிலில் இளகாத கடற்பாசியை வீட்டுச் சமையலில் பயன்படுத்தி வந்தார். 1881ஆம் ஆண்டளவில் கணவர் அலுத்துக்கொண்டபோது, "இதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். போட்டுப் பார்த்தார்கள். அன்று தொடங்கியது இன்றுவரை மாறவில்லை.

காரணம் இரசாயனம்தான். ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் புரதம். கடற்பாசி ஒரு மாப்பொருள் இனம், அதை வெட்டக்கூடிய நொதியம் பெரும்பாலான கிருமிகளிடம் இல்லை. ஜெலட்டின் சேர்ந்த ஜெலியில் பச்சை அன்னாசித் துண்டு போட்டால் அது இறுகாமல் தண்ணீராக நிற்பதும், கடற்பாசியில் போட்டால் நன்றாக இறுகுவதும் இதனால்தான். அன்னாசியிலும் பப்பாசியில் உள்ளது போன்ற புரதம் வெட்டும் நொதியம் உண்டு. இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். "ஏன் உம்மா?" என்று அவள் கண் விரிந்தால், அவள் இந்தப் படிப்புக்கு ஏற்றவள். "அதற்கென்ன இப்போ?" என்றால் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

இது வெறும் சமையல் விஞ்ஞானம் என்று நினைத்துவிட வேண்டாம். எமது வீடுகளின் கண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். தலசீமியா என்ற நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குருநாகல் பகுதிச் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அங்குள்ள போதனா வைத்தியசாலையில் இந்நோய்க்கென்றே தனி நிலையம் இயங்குகிறது. பிள்ளை பிறந்து சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். பிறகு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்புச்சத்து உடம்பில் படிந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் என்பதால் அதை வெளியேற்றவும் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும்.

இந்நோயின் வேர் ஒரு புரதத்தில் இருக்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஈமோகுளோபின், நான்கு சங்கிலிகள் சேர்ந்த ஒரு புரதம்: அல்பா இரண்டு, பீற்றா இரண்டு. பரம்பரை அலகில் ஏற்பட்ட ஒரு பிழையால் இவற்றில் ஒரு வகைச் சங்கிலி குறைவாக உண்டாகிறது, அல்லது உண்டாவதே இல்லை. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிழை மட்டும் வந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. சற்று இரத்தம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். இவரைக் காவி என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்காகக் குளிசை குடிக்கும் காவிகளும் உண்டு. ஆனால் காவியும் காவியும் மணமுடித்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீத வாய்ப்பு, பிள்ளை நோயாளியாகப் பிறப்பதற்கு உண்டு. மச்சானுக்கும் மச்சிக்கும் முடித்துவைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இருவரிடமும் அதே பிழை இருக்கும் சாத்தியம் அதிகம். மச்சான் முறையில் மணமுடிப்பது மார்க்கத்தில் ஆகுமானது, அதில் பேச்சில்லை. நிக்காஹ் பேசும் முன் இருவரும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்வதும் ஆகுமானதே. அதை ஏனோ வெட்கமாக நினைக்கிறார்கள்.

அந்தப் பரிசோதனை என்ன செய்கிறது? இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை வீதம் என்று அளக்கிறது. இந்தப் பிரித்தலும் அளத்தலும் உயிர் இரசாயனவியலாளர்கள் உண்டாக்கிக் கொடுத்த வித்தை. ஒரு நோயின் காரணம் ஒரேயொரு மூலக்கூறில் இருக்கலாம் என்பதை 1949இல் அமெரிக்காவின் லீனஸ் போலிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் இதே ஈமோகுளோபினை வைத்துத்தான் முதன்முதலில் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது அரிவாள் கல நோய் என்ற வேறொரு இரத்த நோய். டொக்டர் உங்கள் பிள்ளைக்கு மருந்து எழுதுகிறார். அவர் எழுதும் மருந்துக்கும் பார்க்கும் அறிக்கைக்கும் பின்னால் இப்படி இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களது பெயர் எமக்குத் தெரிவதில்லை.

சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலினும் அப்படித்தான். ஒரு காலத்தில் அதைப் பன்றியினதும் மாட்டினதும் கணையத்திலிருந்து எடுத்தார்கள். எமது வயோதிபர்கள் எவ்வளவு சங்கடப்பட்டார்கள்! மனித இன்சுலினுக்குரிய பரம்பரை அலகைப் பற்றீரியாவுக்குள் வைத்து, பற்றீரியாவையே இன்சுலின் செய்ய வைத்த பிறகு, 1982இல் அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஜெலட்டினின் கதையும் இதுவே. ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பதை எமது இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'இஸ்திஹாலா' என்ற தலைப்பில் பேசியிருக்கிறார்கள், அதில் கருத்து வேறுபாடும் உண்டு. ஆனால் குளிசை உறையில் இருக்கும் ஜெலட்டின் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது, அது எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்பதைக் கிதாபைப் புரட்டிச் சொல்ல முடியாது. அதன் புரதத் துண்டுகளை ஆராய்ந்தே சொல்ல வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த முஸ்லிம் பெண்பிள்ளை ஒருத்தி ஊருக்கு இருந்தால் மௌலவிமாருக்கே உதவி.

சரி, படிப்பு விடயத்துக்கு வருவோம்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'உயிரியல் விஞ்ஞானம்' என்ற நெறியைத் தெரிவுசெய்து விஞ்ஞான பீடத்துக்குப் போவதே பொதுவான வழி. அங்கே முதல் நாளிலேயே உயிர் இரசாயனவியலாளர் ஆகிவிட முடியாது. ஆரம்பத்தில் இரசாயனம், விலங்கியல், தாவரவியல் என்று பல பாடங்கள் இருக்கும். அவற்றில் பெறும் புள்ளிகளை வைத்தே நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள். இடங்கள் சொற்பம். கிடைக்காதவர்கள் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவார்கள். கொழும்பில் இரசாயனவியல் துறையின் கீழ் உயிர் இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் சேர்ந்த சிறப்புப் பட்டம் உண்டு. பேராதனையில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் தனித் துறையே இருக்கிறது. ஆகவே கெம்பஸ் கிடைத்துவிட்டது என்று முதல் வருடத்தில் ஓய்வெடுக்கும் பிள்ளை, தான் எதற்காகப் போனாளோ அதை இழந்துவிடுவாள். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பெயரைக் கவனியுங்கள். 'உயிர்' முன்னால் வந்தாலும் பின்னால் நிற்பது 'இரசாயனம்'. உயிரியலை மனப்பாடம் செய்து ஏ எடுத்த, ஆனால் சேதன இரசாயனத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைக்கு இது கடினம். குளுக்கோசு எப்படிப் பத்துப் படிகளில் உடைகிறது, எந்தப் படியில் எந்த நொதியம் என்று மனப்பாடம் செய்வதோடு முடியாது. ஏன் அந்தப் படியில் அந்த மாற்றம் நடக்கிறது என்று எழுத வேண்டும். கணக்கும் உண்டு. உதாரணமாக, நொதியத்தின் வேகத்தை அளக்கும் ஒரு சமன்பாடு. கல்யாண வீட்டில் பத்துப் பேர் சஹன் தூக்குகிறார்கள் என்று வையுங்கள். விருந்தாளிகள் கூடக் கூடப் பரிமாறும் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் பத்துப் பேரின் கையும் நிறைந்துவிட்டால், அதற்கு மேல் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் வேகம் கூடாது. நொதியமும் அப்படியே. 1913இல் இதைச் சமன்பாடாக எழுதியவர்கள் லியோனோர் மிக்காயெலிஸும் மோட் மென்டெனும். மிக்காயெலிஸ் ஆண். மென்டென், கனடாவிலிருந்து கடல் கடந்து பெர்லினுக்குச் சென்று அவருடன் ஆய்வு செய்த ஒரு பெண் டொக்டர். உலகில் உயிர் இரசாயனம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அந்தப் பெண்ணின் பெயரை எழுதாமல் பட்டம் பெறுவதில்லை.

எமது பிள்ளைகளை உண்மையில் வீழ்த்துவது இரசாயனமல்ல, ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டுப் போகும் பிள்ளை முதல் விரிவுரையில் திகைத்துப் போகிறாள். நொதியமும் அனுசேபமும் நிர்ப்பீடனமும் அவளுக்கு நன்றாகத் தெரியும். விரிவுரையாளர் சொல்லும் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரை கிடைக்கும் நீண்ட காலத்தை வீட்டில் சும்மா கழிக்க விடாதீர்கள். உயர்தர இரசாயனப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தான் ஏற்கனவே படித்ததையே ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசிக்கட்டும். விளங்கிய விடயத்தை வாசிக்கும்போது பாஷை தானாக வரும். நாம் அரபு படித்ததும் இந்த முறையில்தான்.

"படித்து முடித்தால் தொழில்?" வாப்பாமார் கேட்பது இதைத்தான். ஒளிக்காமல் சொல்கிறேன். டொக்டரைப் போல, வெளியே வந்தவுடன் நியமனக் கடிதம் கையில் வரும் பட்டம் அல்ல இது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் உத்தியோகமும் இதனால் நேராகக் கிடைக்காது. அதற்கென்று மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்ற வேறு பட்டம் உண்டு. மகளின் நாட்டம் ஆஸ்பத்திரிதான் என்றால் அதையே விண்ணப்பத்தில் முன்னால் போடட்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து ஏமாந்த குடும்பங்கள் இருக்கின்றன.

உயிர் இரசாயனப் பட்டதாரி போவது ஆராய்ச்சி நிலையங்களுக்கு, உணவு, மருந்து உற்பத்திச் சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, பாடசாலைக்கு. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், தலவாக்கலையில் தேயிலை, லுணுவிலயில் தெங்கு, பத்தலகொடயில் நெல் என்று எமது நாட்டிலேயே ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மேற்படிப்பு இல்லாமல் இத்துறையில் நெடுந்தூரம் போக முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. வெளிநாடுகளில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்போருக்குப் படிப்புச் செலவோடு மாதாந்தக் கொடுப்பனவும் தரும் பல்கலைக்கழகங்கள் பல. பாடசாலைக்குப் போவதையும் குறைவாக நினைக்காதீர்கள். எத்தனை முஸ்லிம் மகளிர் பாடசாலைகளில் உயர்தர இரசாயனத்துக்கு ஆசிரியை இல்லாமல் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் முறை எழுதுவதா? இரண்டாம் முறையில் வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் வந்த பிள்ளை, தானே விரும்பி எழுதினால் எழுதட்டும். வாப்பாவின் பெருமைக்காகவும் ஊரின் வாய்க்காகவும் ஒரு வருடத்தை ரியூசன் கொட்டிலில் கழிக்க வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பேன். கிடைத்த நெறிக்குப் பதிவுசெய்தால் பிறகு வேறு நெறிக்கு மாறுவதில் விதிகள் உண்டு. ஒவ்வொரு வருடமும் வெளிவரும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முழுதாக வாசித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி மூத்தம்மா கேட்பதையும் தட்டிவிட முடியாது. நான்கு வருடப் படிப்பு, அதற்கு மேலும் படிப்பு என்றால் வயது போகும்தானே? இதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். ஹங்கேரி நாட்டில் 1955இல் பிறந்த கத்தலின் கரிகோ ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீடு. ஸெகெட் பல்கலைக்கழகத்தில் படித்து உயிர் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே மணமுடித்து ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. ஆய்வுக்குப் பணம் நின்றுபோகவே, 1985இல் கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்காவுக்குப் போனார். கையில் இருந்த கொஞ்சப் பணத்தை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் பிடித்துக்கொண்ட ஆய்வை எவரும் மதிக்கவில்லை. 1995இல் பதவியைக் குறைத்தார்கள். அவர் விடவில்லை. 2005இல் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கண்டுபிடிப்புத்தான் பிற்காலத்தில் கொரோனாத் தடுப்பூசிக்கு வழிவிட்டது. 2021இல் எமது நாட்டில் ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டவர்களின் கையில் ஏறியது அந்தப் பெண்ணின் வேலை. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பொம்மை வைத்திருந்த மகளும் சும்மா இருக்கவில்லை, படகோட்டத்தில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றாள்.

எல்லோருக்கும் நோபல் கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு கணவன் இருந்தான், மனைவி நள்ளிரவில் ஆய்வுகூடத்திலிருந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டான் என்பதற்காகச் சொல்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது மஹரையும் வீட்டையும் பேசுவது போல் படிப்பையும் பேசிவிடுங்கள். "கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தெளிவாகப் பேசி, இரு வீட்டாரின் பெரியவர்களும் கேட்கும்படி பேசி முடியுங்கள்.

கடைசியாகப் பலரும் கேட்பது ஆய்வுகூடத்தில் ஹிஜாப் அணிவது பற்றி. தாராளமாக அணியலாம், எமது பிள்ளைகள் அணிந்தே படிக்கிறார்கள். நைலோன், பொலியெஸ்டர் துணி மட்டும் வேண்டாம். சுடரடுப்பில் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிவிடும். பருத்தித் துணியாக, தொங்கும் முனை இல்லாமல், வெள்ளை மேலங்கிக்குள் செருகி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். அபாயாவின் கை அகலமாக இருந்தால் மணிக்கட்டில் இறுக்கமாகத் தைத்துக் கொடுங்கள். அமிலப் போத்தல்களைத் தட்டி விழுத்துவது பெரும்பாலும் அந்தக் கைதான்.